சரக்கு ஏறினால் உயரும் வெளிச்சம்

மீஞ்சூர்

மீஞ்சூரைத் தாண்டும்வரை சாலை கன்டெய்னர் லாரிகளுக்கே சொந்தம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகிறவையும் அங்கிருந்து திரும்புகிறவையும் வரிசை கட்டி நிற்கின்றன. சில லாரிகளின் பம்பரில் பட்டப்பகலிலும் எல்இடி பட்டைகள் வெள்ளையாக எரிந்தன. அந்த வெயிலிலேயே கண் கூசியது.

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் அவிநாசி சாலையில் இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கின் கீழ் நின்று செய்தித்தாள் படித்துவிடலாம். அங்கே ஹெட்லைட் இருப்பது வண்டி வருகிறது என்று மற்றவருக்குத் தெரிவிக்கத்தான். வழி பார்க்க அது தேவைப்படுவதே இல்லை. பழவேற்காட்டில் விடியுமுன் மீன் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு வரும் ஒரு வண்டியில் உட்கார்ந்து வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த ஓட்டுநர் அண்ணனுக்கு மீஞ்சூரிலிருந்து போன் செய்தேன். “பொன்னேரி பட்டறைல இருக்குறேன் தம்பி. வண்டிக்கு எஃப்.சி. காட்டணும். லைட்டு வேலை பாக்குது. நீ நேரா இங்கயே வந்துடு” என்றார்.

பொன்னேரி

பட்டறை என்பது ஒரு புளியமரமும் அதையொட்டிப் போட்ட தகரக் கூரையும். டிங்கர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன் மூவரும் ஒரே நிழலில் வேலை செய்கிறார்கள். அண்ணனின் குட்டி யானைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. டாடா நிறுவனம் 2005ல் இறக்கிய ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாட்டில் இதுதான் பெயர். அண்ணனின் அப்பா பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு சைக்கிளில் மீன் கூடை கட்டி வந்தவராம். மகன் முக்கால் டன் ஏற்றுகிறார்.

சரக்கு வண்டியை ஓட்டுபவருக்கு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கான சோதனை, பண்டிகை மாதிரி முன்கூட்டியே மனதில் ஏறிவிடும் நாள். புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கவலையில்லை. எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குமேல் ஆண்டுதோறும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி, பின்னால் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை, முதலுதவிப் பெட்டி என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். மற்ற எல்லாம் தயாராக இருந்தது. ஹெட்லைட் மட்டும் மிச்சம்.

எலெக்ட்ரீஷியன் அறுபதைத் தொட்டவர். ஹெட்லைட்டின் பிரதிபலிப்புக் கிண்ணமான டூமைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார். உள்ளே வெள்ளிப் பூச்சு கீழ்ப்பக்கம் உரிந்து பழுப்பேறியிருந்தது. “உப்புத் தண்ணி. மீன் பெட்டிலேர்ந்து ஒழுகுறது ஒரு பக்கம், ஏரிக் காத்து ஒரு பக்கம். பழவேற்காட்டு வண்டின்னா டூமைப் பார்த்தே சொல்லிடுவேன்” என்றார். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் திருகாணிகள் துருப் பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, அவற்றை அசைப்பதற்கே அரைமணி நேரம் ஆனது.

வண்டியில் யாரோ இடையில் மாட்டிக் கொடுத்த எல்இடி பல்பு இருந்தது. பெரியவர் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பழைய ஹாலஜன் பல்பு ஒன்றை எடுத்தார். அறுபதுக்கு ஐம்பத்தைந்து வாட் பல்பு அது. கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு தகடு. அந்தத் தகடு டிம் வெளிச்சத்தை டூமின் மேல்பாதியில் மட்டும் படவிடுகிறது. மேல்பாதியில் பட்டது கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தத் தகடுதான். ஹாலஜனுக்காக வார்த்த டூமில் வேறு வகை பல்பை மாட்டினால் வெளிச்சம் பிறக்கும் இடம் மாறிவிடுகிறது; டூம் அதைச் சிதறடிக்கிறது. ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடிவிட்டதுபோல் தோன்றும், சாலையில் விழவேண்டிய வெளிச்சமோ எதிரே வருபவரின் முகத்தில் விழும்.

ஒரு காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள், நினைவிருக்கலாம். சிலர் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். போக்குவரத்துக் காவலர்களே சாலையில் நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதும் உண்டு. பெரியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. “பொட்டு வெச்சா வெளிச்சம் குறையும். திசை மாறாது. திசைதான் முக்கியம்” என்றார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அடுத்து அவர் செய்ததை ஒவ்வொரு கார்க்காரரும் தன் வீட்டுச் சுவரில் செய்து பார்க்கலாம். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். சமதரையில் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, விளக்குக்கும் சுவருக்கும் இடையே 25 அடி அளந்தார். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளிவரை எவ்வளவு உயரம் என்று டேப்பில் பார்த்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு கிழித்தார். அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டதும் சுவரில் விழும் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு ஒன்று தெளிவாகத் தெரியும். அது இரண்டாவது கோட்டில் உட்காரும்வரை திருகாணியைத் திருகினார். நூறு அடிக்கு ஒரு அடி சரிவு என்பது கணக்கு. விளிம்பின் இடதுகோடி மட்டும் சற்று மேல்நோக்கி ஏறியிருந்தது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இடதோரத்தில் நடப்பவரும் மைல்கல்லும் பெயர்ப் பலகையும் தெரியவேண்டும், வலப்பக்கம் எதிரே வருபவர் கண் கூசக்கூடாது. அதற்காகவே அந்த ஏற்றம்.

இரண்டு விளக்கையும் முடித்துவிட்டுப் பெரியவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “இது காலி வண்டிக்கு. எஃப்.சி.க்குப் போதும். ரோட்டுக்கு நீ பார்த்துக்க.”

திருப்பாலைவனம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலை திருப்பாலைவனம் வழியாகப் போகிறது. இருபுறமும் நெல் வயல். இடையிடையே வெட்டிவிட்ட குளங்கள், பனைமரங்கள். போகப்போகக் காற்றின் வாசம் மாறுகிறது. வண்டல் சேற்று வாசமும் உப்பும் கலந்து முகத்தில் அடிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு, கண்ணுக்கெட்டியவரை ஒரு மேடுகூட இல்லாத இந்த நிலம் பெரிய வியப்பு. பார்வைக்கு நடுவில் எதுவும் குறுக்கே வராத சமவெளியில் தொலைவிலிருந்து வரும் ஹெட்லைட் வெகுநேரம் கண்ணிலேயே நிற்கும் என்று அண்ணன் சொன்னார். எங்கள் பக்கம் வளைவும் ஏற்றமும் மறைத்துக்கொடுக்கும். இங்கே மறைப்பு கிடையாது.

ஓர் அரிசி ஆலையின் மதிலருகே வேகத்தைக் குறைத்து, “நாளைக்குக் காலைல இங்க நிப்போம்” என்றார். ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

பழவேற்காடு

இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்கோடி மட்டும் நம்முடையது. ஆரணியாறு இங்கே வந்து சேர்கிறது. டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பூட்டிப் பாதுகாக்கிறது. நான் கல்லறைகளில் அதிக நேரம் செலவிடவில்லை. கரையில் நண்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கொடுக்கைச் சணல் கயிற்றால் கட்டிய களி நண்டுகள், கூடையில் துள்ளும் இறால், வெள்ளி நிறத்தில் மடவை. வாங்குவதற்குச் சென்னையிலிருந்து கார்கள் வந்திருந்தன. அண்ணனின் அக்கா வீட்டில் சாப்பாடு. மடவைக் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார். இறாலை வெங்காயத்தோடு சுருள வதக்கியிருந்தார். கோயம்புத்தூரில் நாங்கள் மீன் என்று சாப்பிடுவதெல்லாம் ஐஸில் இரண்டு மூன்று நாள் கிடந்துவிட்டு வந்த மீன். காலையில் ஏரியில் இருந்ததை மதியம் உண்ணும்போது நாக்குக்கு வேறொரு கணக்கு பழகுகிறது. “முள்ளு பார்த்துச் சாப்புடு கண்ணு” என்று அக்கா இரண்டு முறை சொன்னார். அவரும் மீன் விற்கிறவர். விடியற்காலையில் கூடையோடு சாலையோரம் நின்று, வரும் முதல் வண்டியைப் பிடித்துப் பொன்னேரி சந்தைக்குப் போகிறார்.

அவரிடம் ஹெட்லைட் பற்றிக் கேட்டேன். கேட்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். சொல்வதற்கு நிறைய இருந்தது. “நாங்க நிக்கிறது இருட்டுல. வண்டி கிட்ட வரும்போது கண்ணுல அடிக்கும் பாரு, அதுக்கப்பறம் தார் எங்க முடியுது, மண்ணு எங்க தொடங்குதுன்னு தெரியாது. கூடைய தலைல வெச்சுக்கிட்டு அப்படியே நிப்போம். ஓரமா ஒதுங்கறதுக்குப் பயம். பக்கத்துல பள்ளம்.” தம்பி வண்டியும் அப்படித்தானா என்று கேட்டதற்கு, “முன்ன அப்படித்தான் இருந்துச்சு. நான்தான் திட்டுனேன்” என்றார்.

கோட்டைக்குப்பம்

ஏரியில் இறால் வலை வைப்பதற்குப் பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் உரிமைக்காரர்கள் எந்த இடத்தில் யார், எப்போது வலை வைப்பது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. அரசு எழுதிக்கொடுத்த சட்டமல்ல அது; ஊர் கூடி வைத்துக்கொண்ட ஒழுங்கு.

இரவில் கரையில் உட்கார்ந்திருந்தேன். வலைக்குக் கிளம்பும் மூவர் டார்ச் வைத்திருந்தும் அதை ஏற்றவில்லை. படகின் அடியில் ஏதோ தேடும்போது மட்டும் ஒருவர் டார்ச்சைக் கைக்குள் மூடி, விரலிடுக்கு வழியே கசியும் சிவந்த வெளிச்சத்தில் தேடினார். என் போன் திரை ஒளிர்ந்ததும், “அதைக் கொஞ்சம் கவுத்து வை தம்பி” என்றார் மூத்தவர். கோபமில்லாமல்தான் சொன்னார். மனிதக் கண் இருளுக்கு முழுவதும் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு நொடி பலமான வெளிச்சம் பட்டால் போதும், அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மறுபடி தொடக்கத்திலிருந்து வரவேண்டும். கழி எங்கே நட்டிருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையெல்லாம் நட்சத்திர வெளிச்சத்தில் பார்க்கிறவர்களுக்கு அந்த அரைமணி நேரம் கூலிக்குச் சமம்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் பக்கம் விளக்குகள் தெரிந்தன. அங்கிருந்து இரவில் ராக்கெட் கிளம்பினால் ஏரி முழுக்கப் பகலாகிவிடும் என்றார்கள். அது கண்ணைத் தொந்தரவு செய்யாதா என்று கேட்டேன். “அது மேல போவுற வெளிச்சம். முகத்துக்கு நேரா வர்றதுதான் கெடுதல்” என்றார் மூத்தவர். இக்கரையில் லைட் ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கமும் சுற்றிக்கொண்டிருந்தது. கடலில் இருப்பவன் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே உயரத்தில் ஏற்றிவைத்த வெளிச்சம் அது.

அரிசி ஆலை மதில்

விடிவதற்கு வெகு முன்பே வண்டி நிறைந்துவிட்டது. ஐஸ் நொறுக்கிப் போட்ட பெட்டிகளை அண்ணன் தானே நின்று ஏற்றச் செய்தார். கனமான பெட்டிகள் கேபினை ஒட்டி, லேசானவை கடைசியில். “ஏத்துற பசங்க சோம்பேறித்தனமா கதவாண்டையே வெச்சுட்டுப் போவானுங்க. பின்னாடி அமுங்கிடும். மூக்கு தூக்கிக்கும்” என்றார்.

ஊரைத் தாண்டியதும் தெருவிளக்கு முடிந்தது. அப்போதுதான் கவனித்தேன். நேற்று மாலை சாலையில் படுத்திருந்த வெளிச்சம் இன்று பனைமரத்தின் இடுப்பில் ஏறியிருந்தது. பெட்டிகளைக் கவனமாக அடுக்கியும் அப்படி.

அரிசி ஆலை மதிலுக்கு எதிரே நிறுத்தினார். தரையில் ஒரு செங்கல் துண்டு பதித்திருந்தார். முன்சக்கரம் அதில் நின்றால் விளக்கிலிருந்து மதிலுக்குச் சரியாக 25 அடி. மதிலில் மங்கிய கோடுகள் இரண்டு. பட்டறைச் சுவரில் மேல்கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே இருந்த வெளிச்ச விளிம்பு, இங்கே அதற்கு நாலு அங்குலம் மேலே நின்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,100 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஏழு அடி. சுமை ஏறிப் பின்பக்கம் இரண்டே அங்குலம் அமுங்கினால் 25 அடி தூரத்தில் வெளிச்சம் ஏழு அங்குலம் உயர்கிறது. 150 அடி தூரத்தில் அது விளக்கின் உயரத்தைவிட இரண்டு அடி மேலே போய்விடும். சாலையோரம் நிற்பவரின் முகமும், எதிரே பைக்கில் வருபவரின் முகமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. டிம்மில் வந்தாலும் அவருக்கு அது பிரைட்தான். ஓட்டுநர் ஒழுங்காக டிம் அடித்தேன் என்பார், எதிரே வந்தவர் அடிக்கவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து இறங்கினார். முந்தின நாள் துரு நீக்கிய திருகாணி இப்போது இலகுவாகச் சுற்றியது. விளிம்பு கீழ்க்கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினார். அப்படியே விட்டுவிட்டால் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் எழுபது அடிக்குள் தரையில் விழுந்துவிடும். தூரத்துப் பள்ளம் தெரியாது. “திரும்பறப்ப விடிஞ்சுடும், பரவால்ல” என்றார். கார்கள் பலவற்றில் இதற்கென்றே ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு சக்கரம் இருக்கிறது. பின்சீட்டில் ஆள், டிக்கியில் சாமான் ஏறும்போது எண்ணைக் கூட்டினால் விளக்கு குனியும். என் நண்பர்களில் எத்தனையோ பேர் அது எதற்கென்று கேட்காமலே கார் ஓட்டுகிறார்கள். அண்ணனின் வண்டியில் அந்த வசதி இல்லை. திருகாணி இருக்கிறது, மதில் இருக்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் நாலைந்து பெண்கள் கூடையோடு நின்றார்கள். முன்னே வந்த வேறொரு வண்டியைக் கண்டு கையால் முகத்தை மறைத்தவர்கள், எங்கள் வண்டிக்குக் கையை இறக்கினார்கள். வெளிச்சம் அவர்கள் முழங்காலோடு நின்றது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 106ஆவது விதி இந்த விஷயத்தைத்தான் பேசுகிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. அந்தக் கண் கூசக்கூடாது. வறண்ட சட்ட வாசகம் என்று ஒதுக்கியிருப்பேன். இந்தச் சாலையில் வந்தபின் அந்தக் கண் யாருடையது என்று எனக்குத் தெரிகிறது. தலையில் கூடை சுமந்து நிற்கும் அக்காவின் கண் அது.

எஃப்.சி. மைதானம்

அந்த வாரமே அண்ணன் வண்டியைக் காட்டினார், நானும் போயிருந்தேன். கழுவித் துடைத்து, பொன்னேரிப் பெரியவரிடம் மறுபடி விளக்கைக் காலி வண்டிக்கு ஏற்றி வைத்து, குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிய குட்டி யானை பத்துப் பதினைந்து வண்டிகளோடு வெயிலில் நின்றது. இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். டிம், பிரைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லிப் பார்த்தார். நண்பகல் வெயிலில் விளக்கு எரிகிறதா என்பது தெரியும். எங்கே விழுகிறது என்பது எவர் கண்ணுக்கும் தெரியாது.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை ஒன்றிய அரசு 2021ல் கொண்டுவந்தது. அங்கே விளக்கின் முன்னால் ஒரு கருவியை நிறுத்தி, வெளிச்சம் எவ்வளவு, எந்தத் திசையில் என்று அளந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, சீக்கிரம் எல்லா ஊருக்கும் வரட்டும். ஆனால் காலி வண்டியைப் பகலில் அளந்து கொடுக்கும் சான்றிதழ், சுமையேறிய வண்டி இருட்டில் என்ன செய்யும் என்பதற்கு உறுதி தராது. பழவேற்காடு போன்ற ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு கோடு போட்டு, 25 அடியில் ஒரு கல் பதிக்க ஊராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடும்? சரக்கு ஏற்றியதும் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போகலாம். இதை நான் உறுதியாக நம்புகிறேன், சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதிக் கேட்கவும் போகிறேன்.

அண்ணனுக்கு எஃப்.சி. கிடைத்தது. டீக்கடையில் நிற்கும்போது இன்னொரு மீன் வண்டிக்காரர், வயதில் சின்னவர், அவரிடம் வந்தார். அவர் வண்டி விளக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. “ஆயிரம் ரூபாய்க்குப் புது பல்பு போட்டேண்ணே, அதுவே வேணாம்றாங்க” என்றார். அண்ணன் அவர் தோளில் கைபோட்டுப் பொன்னேரிப் பட்டறைக்கு வழி சொன்னார். பிறகு, “எஃப்.சி. வாங்குனதோட விட்டுடாத. திருப்பாலைவனம் தாண்டறதுக்கு முன்னாடி ரைஸ்மில்லு மதில்ல என் கோடு இருக்கும். பெட்டி ஏத்திட்டுப் போய் அங்க நில்லு, செங்கல்லு கிடக்கும் பாரு” என்றார்.

“ஸ்க்ரூடிரைவர் எந்த சைஸுண்ணே?” என்று கேட்டார் சின்னவர்.